தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, ஆமைதான் சோர்ந்து கிடக்கிறது

வாசகர் கேள்வி பதில்: வீட்டுப் பிராணிகள்

போன இதழில் சிவப்புக்காது ஆமை வளர்ப்பதைப் பற்றி எழுதும்போது, ‘ஆமைக்கு ஏதாவது என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்’ என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதிவிட்டேன். எப்படிப் பார்ப்பது, என்ன பார்ப்பது என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. பூனைக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆமை 12 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவி வைக்கிறேன். மறுநாள் சாயங்காலமே பால் கலந்ததுபோல் வெள்ளையாகி வாடை அடிக்கிறது. இன்னும் எவ்வளவுதான் கழுவுவது? (செங்காங் வாசகி)

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அளவுக்கு மீறிக் கழுவுவதால்தான் இந்தக் கதை. ஆமை தின்னும் இடமும் தூங்கும் இடமும் கழிப்பறையும் ஒரே தண்ணீர். அதன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை. முதல் இரண்டும் விஷம், மூன்றாவதை ஆமை ஓரளவு வரை தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பது உங்கள் ஃபில்டர் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும்தான். நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிகொல்லி உண்டு (அது இருப்பதால்தான் நாம் தைரியமாகக் குடிக்கிறோம்), அதில் பஞ்சைப் பிழிந்தால் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் காலி. நீங்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊரைக் காலி செய்துவிட்டு, ஏன் ஊரில் குப்பை அள்ள ஆளில்லை என்று கேட்கிறீர்கள். அந்த வெள்ளைக் கலங்கலும் அதுதான், காலி இடத்தில் வேறு பாக்டீரியா தண்ணீரிலேயே திமுதிமுவென்று பெருகுவது.

இனி இப்படிச் செய்து பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். சைஃபன் குழாயை அடியில் வைத்துக் கழிவு படிந்த இடமாகப் பார்த்து உறிஞ்சி எடுங்கள். வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள், ஆமைத் தண்ணீரில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அமுக்கினால் ஓடும் பம்ப் வைத்த குழாய் எல்லா மீன் கடையிலும் கிடைக்கிறது. பஞ்சு அடைத்துக்கொண்டால், வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை அலசிவிட்டுத் திரும்ப வையுங்கள், பழுப்பாக இருந்தால் இருக்கட்டும். பீங்கான் வளையங்களைப் பஞ்சு அலசும் அன்றைக்குத் தொடாதீர்கள்.

அப்புறம் தொட்டி. ஆமை வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு, ஓட்டின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 15 லிட்டர். உங்கள் ஆமைக்கு 180 லிட்டர் வேண்டும், உங்கள் இரண்டடித் தொட்டியில் 50, 60 லிட்டருக்கு மேல் நிற்காது. நீளம், அகலம், தண்ணீர் ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அதோடு அது பெண்ணாக இருந்தால் 25, 30 சென்டிமீட்டர் வரை வளரும். நாலடித் தொட்டி தண்ணீரோடு முந்நூறு கிலோவைத் தாண்டும், ஆகவே ஐக்கியா மேசை மேல் வைக்கலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், தொட்டிக்கென்று செய்த ஸ்டாண்டில் சுவரோரமாக வையுங்கள். கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்றில்லை, பெரிய கெட்டியான பிளாஸ்டிக் தொட்டி போதும். ஆமை அழகு பார்ப்பதில்லை. ஃபில்டர் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் அளவு மீனுக்கான கணக்கு, ஆமைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் நம்பலாம். 150 லிட்டர் தண்ணீருக்கு 400, 450 லிட்டர் என்று எழுதியிருப்பதை எடுங்கள், கீழே வைக்கும் கேனிஸ்டர் வகை என்றால் நல்லது.

கேள்வி: குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று அப்பா காலத்திலிருந்து செய்கிறோம். போதாதா? (புக்கிட் பாத்தோக்)

பதில்: போதாது. குளோரின் என்றால் அந்த வழி ஓரளவு சரி, அது ஆவியாகிவிடும். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீரில் இருப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள், ஒரு ராத்திரியில் அசையாது, நெடுந்தூரம் குழாயில் போனாலும் நிலைத்து நிற்கவேண்டும் என்றுதானே அதைப் போடுகிறார்கள். மீன் கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று கேட்டால் ஒரு பாட்டில் தருவார்கள், குளோரமினுக்கும் ஆகும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண வகை குளோரினை உடைத்துவிட்டுக் கொஞ்சம் அம்மோனியாவை விட்டுவைக்கும், ஃபில்டரில் பாக்டீரியா நிலைத்திருந்தால் அதைத் தின்றுவிடும்.

ஆமைக்கு இதனால் உடனே ஒன்றும் ஆகாது, அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, மீன்போலச் செவுள் எரிந்து சாகாது. அதனால்தான் பலரும் வருடக்கணக்கில் குழாயை நேரே திறந்துவிட்டுச் சமாளிக்கிறார்கள். கண் எரியும், ஃபில்டர் அடிவாங்கும், நட்டம் மெதுவாகத்தான் தெரியும்.

வாளி விஷயத்தில் இன்னொன்று. பிடித்து வைத்த தண்ணீர் மூடாமல் சர்வீஸ் யார்டில் கிடந்தால் ஏடிஸ் கொசுவுக்குத் தாராளம், முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். சுற்றுப்புற வாரிய அதிகாரி டார்ச் அடித்துப் பார்க்கும்போது ‘இது ஆமைக்கு’ என்று சொன்னால் விட்டுவிடமாட்டார். ஆமை நீந்தும் தொட்டியில் பயமில்லை, ஃபில்டர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். ஆமை ஏறிக் காயும் பிளாஸ்டிக் மேடைக்கு அடியில் குழி இருந்தால் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்.

கேள்வி: அங்கிள், எனக்கு 14 வயது. புதுத் தொட்டி வைத்து 10 நாள் ஆகிறது. சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 2, நைட்ரைட் 0, நைட்ரேட் 0 என்று காட்டுகிறது. தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. கிட் பொய் சொல்கிறதா? (உட்லண்ட்ஸ்)

பதில்: தம்பி, கிட் உண்மை சொல்கிறது, பொய் சொல்வது உன் கண். இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது உன்னுடையதுதான், ஏனென்றால் நீ ஒருத்தன்தான் அளந்து பார்த்திருக்கிறாய். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கலங்கிய தண்ணீரில் ஆமை நன்றாக இருக்கலாம், பளிங்குத் தண்ணீரில் கண் வீங்கிக் கிடக்கலாம். என் முதல் ஆமையை நான் அப்படித்தான் பறிகொடுத்தேன். வாங்கிய கடையில் ‘தண்ணி கிளியரா இருந்தா ஓகே’ என்றார்கள், பனைமரம் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் தட்டு ஒன்றையும் தலையில் கட்டினார்கள், நானும் தினமும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உன் தொட்டியில் நடப்பது இதுதான். முதலில் அம்மோனியா ஏறும். அதைத் தின்னும் பாக்டீரியா பெருகியதும் அது இறங்கி நைட்ரைட் ஏறும். அப்புறம் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தெரிய ஆரம்பிக்கும். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் கொஞ்சம் என்று வந்தால் ஃபில்டர் பழகிவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், நம் ஊர்ச் சூடு பாக்டீரியாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் முந்தலாம். ஆமை ஏற்கனவே உள்ளே இருப்பதால் அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மாற்று, பஞ்சைத் தொடாதே, தீனியைக் குறை. நண்பன் யாராவது ரொம்ப நாளாகத் தொட்டி வைத்திருந்தால் அவனுடைய அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கேள். அவன் சிரிப்பான், வாங்கி உன் ஃபில்டருக்குள் போடு, காசு கொடுத்து வாங்கும் பாட்டில் பாக்டீரியாவை விட எனக்கு அதில்தான் நம்பிக்கை. ஆனால் அவனுடைய ஆமை நோயில்லாமல் இருக்கவேண்டும்.

பி.எச் அளவையும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) பார்த்து வை. அது 7லிருந்து 8க்கு ஏறினால் அதே அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும், வெப்பம் ஏறினாலும் கூடும். அதனால்தான் குளிர்நாட்டுக்காரர் வீடியோவில் ‘கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை’ என்று சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. நைட்ரேட்டை லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே வைத்துக்கொள், அதை ஃபில்டர் எடுக்காது, தண்ணீர் மாற்றினால்தான் குறையும். மணி பிளாண்ட்டின் வேரை ஃபில்டர் பெட்டிக்குள் தொங்கவிட்டாலும் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் ஆமையின் வாய்க்கு எட்டக்கூடாது, அந்தச் செடி அதற்கு ஆகாது. நைட்ரேட் சோதனைக்கு வரும் பாட்டிலில் ஒன்றை நன்றாகக் குலுக்கச் சொல்லியிருப்பார்கள், குலுக்காமல் போட்டால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும், அந்த ஒரு இடத்தில் மட்டும் கிட் பொய் சொல்லும்.

கேள்வி: ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று மாமியார் தினமும் சொல்கிறார். வீட்டில் நாற்றம் வேறு. கணவரோ ஆமையை விடமாட்டேன் என்கிறார். நடுவில் நான். (தெம்பனிஸ்)

பதில்: பழமொழிக்கு என்னிடம் மருந்தில்லை. அது ஆமையே இல்லை, ‘ஆம்பி’ என்ற காளான்தான், ஈரம் பிடித்துக் காளான் பூத்த வீட்டைத்தான் சொன்னார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு, அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி ஆமையை நீண்ட ஆயுசுக்கு அடையாளமாகத்தான் பார்ப்பார், இருவரையும் மின்தூக்கி அருகே சந்திக்க வைப்பதும் ஒரு வழி. நாற்றத்தைப் பற்றி மட்டும் என்னால் உருப்படியாகப் பேச முடியும், அது போனால் பழமொழியின் வேகமும் தன்னால் குறையும் என்பது என் அனுமானம்.

என்ன வாடை என்று முதலில் பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் அடியில் காற்றுப்படாத இடத்தில் கழிவு அழுகுகிறது. கூழாங்கல் பரப்பியிருக்கிறீர்களா? எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கல் இடுக்கில்தான் எல்லாம் போய் உட்காரும், சின்னக் கல்லை ஆமை விழுங்கியும் தொலைக்கும். வெறும் அடிதான் வசதி, அழகுக்கு வேண்டுமென்றால் ஆமையின் தலையை விடப் பெரிதான நாலு கல் போதும். மீன் வாடை என்றால் தீனி. காய்ந்த இறால்தானே போடுகிறீர்கள்? ஆமைக்கு அது நொறுக்குத்தீனிபோல, சத்தும் போதாது, தண்ணீரையும் நாறடிக்கும். பெல்லட்டை (ஆமைக்கென்று விற்கும் உருண்டைத் தீனி) முக்கியமாக வையுங்கள், ஒரு வேளைக்கு ஆமையின் தலை அளவு, குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடுவே கங்கோங் கீரை, சாலட் இலை கொடுக்கலாம்.

முடிந்தால் வேறொரு பேசினில் தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் ஊற்றி அதில் வைத்துத் தீனி போடுங்கள். தின்றுவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே கழித்தும்விடும், அரை மணி கழித்துத் திரும்ப விட்டால் தொட்டிக்குப் போகும் அழுக்கு நன்றாகக் குறையும். தூக்கினால் மிரண்டு தின்னாத ஆமை என்றால் தொட்டியிலேயே போட்டுவிட்டு, 15 நிமிடத்தில் மிச்சத்தை வலையால் அள்ளிவிடுங்கள். பேசினை மட்டும் குளியலறையில் கழுவுங்கள், சமையலறைத் தொட்டியில் வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் ஆமையைத் தொடவிடாதீர்கள். அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதையே 1975ல் தடை செய்தார்கள், பிள்ளைகள் வாயில் வைத்துச் சால்மொனெல்லா வந்ததால்தான். அத்தை இந்தப் பத்தியைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொட்டியைத் தாழ்வாரத்தில் காலை வெயில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன், ஆமைக்கு வெயில் வேண்டும் என்றார்கள். நாலே நாளில் தண்ணீர் பச்சைப் பசேல். (ஓய்வுபெற்றவர், தோ பாயோ)

பதில்: ஐயா, பச்சை என்பது பாசி, வெயிலும் நைட்ரேட்டும் சேர்ந்தால் வரத்தான் செய்யும். ஆமைக்குப் பாசியால் கெடுதல் இல்லை, எனக்குக் கவலை வெயில். வெயில் நேரே அடிக்கும் கண்ணாடித் தொட்டி கொதிக்க ஆரம்பித்துவிடும், உள்ளே இருப்பதற்கு ஒதுங்க இடமிருக்காது. அதோடு ஆமைக்கு வேண்டிய புற ஊதா பி கதிர் கண்ணாடியில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது, ஆக வெப்பம் மட்டும் மிச்சம். தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். ஆமையை மட்டும் ஒரு பேசினில் எடுத்துக் காலையில் 20, 30 நிமிடம் வெயில் காட்டுங்கள், பேசினில் பாதிக்கு ஒரு அட்டையை வைத்து நிழல் கொடுங்கள். நீங்களும் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், காகம் சும்மா விடாது. உங்களிடம் நேரமும் இருக்கிறது, காப்பியும் குடித்ததாகும்.

கேள்வி: டிசம்பரில் மூன்று வாரம் தஞ்சாவூர் போகிறோம். பக்கத்து வீட்டுப் பையன் தீனி போடுவான். மின்சாரச் செலவுக்காக ஃபில்டரை நிறுத்திவிட்டுப் போகலாமா? (ஈசூன்)

பதில்: ஐயோ, கூடாது. ஓட்டம் சில மணி நேரம் நின்றாலே மூடிய ஃபில்டருக்குள் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும், பையன் பாவம் என்று நடுவில் ஃபில்டரைப் போட்டுவிட்டால் உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்குள் கொட்டும். மின்சாரம் தடைப்பட்டு ரொம்ப நேரம் நின்றுபோனாலும் திறந்து அலசிய பிறகுதான் போடவேண்டும். பையனிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள், அன்பு மிகுந்து பாதி டப்பாவைக் கொட்டிவிடுவான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணக்கில் பத்துச் சின்னப் பொட்டலம் கட்டித் தேதி எழுதி வையுங்கள். வளர்ந்த ஆமை சில நாள் பட்டினி தாங்கும், கெட்ட தண்ணீரைத் தாங்காது. பத்தாம் நாள் சுமாரில் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற, விஷயம் தெரிந்த பெரியவர் யாரையாவது பிடியுங்கள். ஊரிலிருந்து முறுக்கு வாங்கி வந்து கொடுத்தால் ஆயிற்று.

கேள்வி: தண்ணீரில் மஞ்சள்தூள் போடலாமா? உப்பு? கெத்தாப்பாங் இலை? ஓட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்குமாமே? (மூன்று கடிதங்களைச் சேர்த்திருக்கிறேன்)

பதில்: மஞ்சள் வேண்டாம், அடியில் படிந்து ஃபில்டரை அடைப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது. உப்பு, மருத்துவர் சொன்னால், சொன்ன அளவு. கெத்தாப்பாங், அதாவது நாட்டு வாதுமை இலை, கழுவிப் போடலாம், தண்ணீர் தேநீர் நிறமாகும், பி.எச் லேசாக இறங்கும், அதற்கு மேல் அற்புதம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். எண்ணெய் கூடவே கூடாது, தண்ணீரில் படலம் கட்டும், ஓட்டில் அழுக்கு ஒட்டும். ஓட்டில் பாசி இருந்தால் மெல்லிய பழைய பல்தூரிகையால் தேய்த்தால் போதும். மெல்லிய தகடாக ஓடு உரிந்து விழுவது வளர்ச்சி, பிய்க்காதீர்கள். மெத்தென்று குழிந்து, நாற்றமோ வெள்ளைப் புள்ளியோ இருந்தால் அது ஓடு அழுகல்.

கேள்வி: இரண்டு கண்ணும் வீங்கித் திறக்க முடியவில்லை, சாப்பிடவில்லை. தண்ணீர் மாற்றினால் சரியாகுமா? (பொங்கோல்)

பதில்: மாற்றுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அழுக்குத் தண்ணீரும் வைட்டமின் ஏ குறைவும் சேர்ந்தால் இப்படி வரும், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றே நேரம் கேளுங்கள், எல்லாக் கிளினிக்கிலும் ஆமை பார்ப்பதில்லை என்பதால் போன் செய்துவிட்டுப் போங்கள். மூக்கில் குமிழி விட்டு, ஒரு பக்கம் சாய்ந்து நீந்தினால் அது நுரையீரல் பிரச்சினை, அதற்கும் காத்திருக்கக்கூடாது.

கேள்வி: பதினைந்து வருடம் வளர்த்தாயிற்று, இனி முடியவில்லை. புத்தரின் விசாக தினத்தில் பலரும் ஆமைகளைக் கொண்டுபோய் விடுகிறார்களே, நீர்த்தேக்கத்தில் நல்ல தண்ணீர்தானே என்று... (பெயர், இடம் வேண்டாம் என்றிருக்கிறார்)

பதில்: உங்களைத் திட்டத் தோன்றவில்லை. பதினைந்து வருடம் வாளி தூக்கியிருக்கிறீர்கள். ஆனால் விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பெல்லட்டுக்குப் பழகிய ஆமை அங்கே பெரும்பாலும் செத்துப்போகும், பிழைத்தாலும் இங்குள்ள ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் தென்பகுதிக்கும் வட மெக்சிகோவுக்கும் உரிய இந்த ஆமை, உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகளின் பட்டியலிலேயே இருக்கிறது. வளர்க்க ஆள் தேடுங்கள், தொட்டியையும் ஃபில்டரையும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்றால் வருபவர்கள் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவையிடமும் கேளுங்கள். உங்களுக்கு முடியாமல் போனது தண்ணீர் மாற்றும் வேலை மட்டும்தான் என்றால், வடிகுழாயை நேரே குளியலறைக்கு இழுத்துவிடலாம், வாளியே தூக்க வேண்டாம். எழுதுங்கள், எப்படி என்று தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி: வாரம் 50 லிட்டர் கொட்டுகிறேன், தண்ணீர்க் கட்டணத்தை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது. (ஜூரோங்)

பதில்: 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு 3 வெள்ளி 24 காசு, மாதம் 40 ஆயிரம் லிட்டர் வரைக்கும் இந்த விலைதான். 50 லிட்டருக்கு 16 காசு. மனசு சமாதானம் ஆகவில்லை என்றால் அந்தத் தண்ணீரைத் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைச் செடி வேரில் ஊற்றுங்கள், நைட்ரேட் அதற்கு உரம். என் செடி அப்படித்தான் ஆளுயரம் நிற்கிறது, புளோக்கில் பாதிப்பேர் தாளிக்க என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். புதினா, கொத்தமல்லிக்கு மட்டும் வேண்டாம், அதைப் பச்சையாகத் தின்கிறோம்.